பியானோவும் ஒரு தாளக் கருவிதான்: ப்ராக் ராக்கை ஒரே ஆல்பத்தில் புரிந்துகொள்ள

ஆல்பத்தைப் போட்டதும் முதலில் காதில் விழுவது ஓர் உறுமல். பேஸ் கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைத்திருக்கிறார்கள். சில சுரங்கள் கனமாக நடந்துவந்து நிற்கின்றன. அதன் மேல் ஆர்கன் வந்து விழுகிறது, டிரம்ஸ் சேர்ந்துகொள்கிறது. ஏதோ முரட்டு ராக் குழு பாட ஆரம்பிக்கப்போகிறது என்று காத்திருப்போம். யாரும் பாட மாட்டார்கள். நாலரை நிமிடமும் வாத்திய இசைதான். அந்த மெட்டும் அவர்களுடையது இல்லை. 1911-இல் ஹங்கேரியில் ஓர் இசைக் கல்லூரிப் பேராசிரியர் தனிப் பியானோவுக்காக எழுதியது அது.

ஆல்பத்தின் பெயர் ‘எமர்சன், லேக் அண்ட் பாமர்’. குழுவின் பெயரும் அதேதான். 1970 நவம்பரில் இங்கிலாந்தில் வெளியானது. அவர்களுடைய முதல் ஆல்பம். ப்ராக்ரெசிவ் ராக், சுருக்கமாக ப்ராக் ராக், என்று ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், எங்கே தொடங்குவது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இந்த வகையின் மிகச் சிறந்த ஆல்பம் என்பதற்காக அல்ல. செவ்வியல் இசையையும் ராக்கையும் கலப்பது என்று எல்லாரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்களே, அந்தக் கலப்பை எத்தனை விதமாகச் செய்யலாம் என்பது நாற்பத்தொரு நிமிடத்தில் இங்கே கேட்கக் கிடைக்கிறது. எங்கே கலந்தது, எங்கே ஒட்டாமல் நின்றது என்பதும் தெரிகிறது.

முதலில் ராக். அதன் எளிய வடிவத்தில் கிட்டார், பேஸ், டிரம்ஸ், ஒரு குரல். பல்லவி, சரணம், மறுபடி பல்லவி, நடுவில் கொஞ்சம் கிட்டார், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த மூன்று நிமிடக் கணக்கு கலைஞர்கள் உட்கார்ந்து யோசித்து வகுத்த இலக்கணம் இல்லை. சின்ன இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் நன்றாகப் பிடிக்கும். வானொலிக்காரர்களுக்கும் அந்த அளவுதான் வசதி. பெரிய எல்.பி. தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் போல இடம் உண்டு. ஆனாலும் பல வருடங்கள் அதில் பன்னிரண்டு சின்னப் பாட்டுகளை அடுக்கித்தான் விற்றார்கள். 1960-களின் பின்பாதியில் இங்கிலாந்தில் சில இளைஞர்களுக்கு, இருபது நிமிடம் இருக்கிறதே, அதை ஒரே பொருளாக ஏன் எண்ணக் கூடாது என்று தோன்றியது.

மேற்கத்திய செவ்வியல் இசைக்கு இந்த நீளம் புதிதில்லை. அங்கே ஒருவர் எல்லாவற்றையும் தாளில் எழுதிவைக்கிறார், மற்றவர்கள் அதைப் பார்த்து வாசிக்கிறார்கள். ஒரு சின்ன மெட்டுத் துண்டை எடுத்து, அதைத் தலைகீழாக்கி, வேகத்தைக் கூட்டி, வேறு சுருதிக்கு நகர்த்தி, ஒரு வாத்தியத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றி, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து சேர்ப்பார்கள். ஒரே படைப்பில் வேகமான பகுதி, மெதுவான பகுதி, மறுபடி வேகமான பகுதி என்று பல அங்கங்கள் இருக்கும். ப்ராக் ராக் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் இவற்றைத்தான்: நீளம், அங்கங்கள், திரும்ப வரும் மெட்டுகள், திடீர் வேக மாற்றங்கள், ஐந்தும் ஏழுமாக எண்ண வேண்டிய தாளங்கள். மிஸ்ர சாபுவில் கை தட்டிப் பழகியவருக்கு ஏழு என்பது பெரிய விஷயமில்லை. நான்கு நான்காகவே ஆடிப் பழகிய ராக் ரசிகருக்கு அங்கே கால் இடறும். அந்த இடறலிலும் ஒரு சுகம் இருக்கிறது என்று கண்டுகொண்டவர்கள்தான் ப்ராக் ரசிகர்கள் ஆனார்கள்.

இந்த ஆல்பத்துக்கு முன்பும் கலப்பு முயற்சிகள் நடந்திருக்கின்றன. 1967-இல் மூடி ப்ளூஸ் குழு ‘டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்’ என்ற ஆல்பத்தில் ஆர்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டது. குழு ஒரு பாட்டு பாடும், அது முடிந்ததும் ஆர்கெஸ்ட்ரா ஓர் இணைப்பு வாசிக்கும், பிறகு அடுத்த பாட்டு. கேட்க இனிமைதான், ஆனால் இரண்டும் பெரும்பாலும் முறை வைத்துக்கொண்டு வருகின்றன. 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டீப் பர்ப்பிள் குழு முழு ஆர்கெஸ்ட்ராவோடு ஒரே மேடையில் ஒரு கான்செர்ட்டோ, அதாவது தனி வாத்தியக்காரர்களும் ஆர்கெஸ்ட்ராவும் எதிரும் புதிருமாக வாசிக்கும் படைப்பு, வாசித்தது. அங்கே இரண்டு தரப்பும் கிட்டத்தட்டப் போட்டி போடுகின்றன. செவ்வியல் என்றால் வயலின் கூட்டம், ராக் என்றால் கிட்டாரும் டிரம்ஸும், இரண்டையும் பக்கத்தில் உட்கார வைத்தால் கலப்பு என்பது அப்போதைய எண்ணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் சம்பந்தி ஆகிவிட முடியுமா?

எமர்சன், லேக் அண்ட் பாமரிடம் ஆர்கெஸ்ட்ரா கிடையாது. மூன்றே பேர். அதிலும் கிட்டார்க்காரர் என்று தனியாக ஒருவர் இல்லை. கீத் எமர்சன் கீபோர்டு வாத்தியங்கள். கிரெக் லேக் பேஸ், தேவைப்பட்ட இடத்தில் கிட்டார், பாட்டு. கார்ல் பாமர் டிரம்ஸ். ஆல்பம் பதிவானபோது வயது முறையே 25, 22, 20.

மூவரும் ஏற்கெனவே பெயர் வாங்கியவர்கள். லேக், கிங் கிரிம்சன் குழுவின் பாடகர். 1969-இல் வந்த அந்தக் குழுவின் முதல் ஆல்பம்தான் ப்ராக் ராக்கின் பிள்ளையார் சுழி என்று பலரும் சொல்வார்கள். பாமர், அடாமிக் ரூஸ்டர் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். எமர்சன், ‘தி நைஸ்’ குழுவின் நாயகர். செவ்வியல் மெட்டுகளை ராக் வேகத்தில் வாசிப்பதை அங்கேயே தொடங்கிவிட்டார். மேடையில் ஹாமண்ட் என்ற மின் ஆர்கன் மேல் ஏறிக் குதிப்பார், அதைச் சாய்த்து இழுத்துக்கொண்டு ஓடுவார், கட்டைகளுக்கு நடுவே கத்தியைச் செருகுவார். கத்தி வெறும் வித்தைக்கு இல்லை. கட்டை அழுந்தியபடியே நின்றால் அந்தச் சுரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். எமர்சன் அந்தப் பக்கம் போய் இன்னொரு கீபோர்டை வாசிக்கலாம். அந்தக் கத்தியைக் கொடுத்தவர், தி நைஸ் குழுவுக்குச் சாமான் தூக்கிக்கொண்டிருந்த லெம்மி. பிற்பாடு மோட்டார்ஹெட் குழுவைத் தொடங்கிய அதே லெம்மிதான்.

சரி, பாட்டுகளுக்கு வருவோம். முதலில் ஒரு யோசனை: ஃபோனில் உள்ள ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். நான் அப்படித்தான் முதல்முறை கேட்டேன். அந்த உறுமலில் பாதி வரவேயில்லை. இதைப் போய் இவ்வளவு புகழ்கிறார்களே என்று மூடிவைத்துவிட்டேன். சில மாதம் கழித்து ஹெட்ஃபோனில் கேட்டபோதுதான் தரை அதிர்ந்தது.

முதல் பாட்டு ‘தி பார்பேரியன்’. அதன் மூலம், முதலில் சொன்ன அந்த ஹங்கேரியப் பேராசிரியர் பேலா பார்டோக் எழுதிய ‘அலெக்ரோ பார்பரோ’. முரட்டு வேகம் என்று தமிழில் சொல்லலாம். பார்டோக் யார் என்று தெரிந்தால் இந்த ஆல்பத்தின் பாதி புரிந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவரும் அவருடைய நண்பர் கோடாயும் ஃபோனோகிராஃபைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், குடியானவர்கள் பாடும் பாட்டுகளை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார்கள். நகரத்துச் சபைகளில் ஹங்கேரிய இசை என்று ஓடிக்கொண்டிருந்த மினுக்கான சரக்குக்கும், கிராமத்தில் கேட்டதற்கும் சம்பந்தமே இல்லை என்று பார்டோக் கண்டுகொண்டார். கிராமத்தில் தாளம் கரடுமுரடாக இருந்தது. சுர வரிசைகள் வேறாக இருந்தன. அதையெல்லாம் உள்வாங்கிக்கொண்டு பியானோ முன் உட்கார்ந்தவர், பியானோவை இழைத்து இழைத்துப் பாட வைக்கவில்லை, அடித்தார்.

பியானோவைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி சுற்றிய ஒரு சுத்தியல் எழுந்து கம்பியை அடிக்கும். வயலின்போல் இழுப்பதும் கிடையாது, புல்லாங்குழல்போல் ஊதுவதும் கிடையாது. ஆக, அது ஒரு தாளக் கருவி. நூறு வருடமாக இசையமைப்பாளர்கள் அந்த உண்மையை மறைக்கப் பாடுபட்டார்கள், சுரங்களை ஒன்றோடொன்று வழுக்கிச் சேரும்படி எழுதினார்கள். பார்டோக் மறைக்காமல் காட்டிவிட்டார். ‘அலெக்ரோ பார்பரோ’வில் இடது கை ஒரே ஒலிக்கூட்டை இடிப்பதுபோலத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கும், அதன் மேல் மெட்டு கத்தும். மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் கனமான அடி, அதன் மேல் கத்தும் சின்ன மெட்டு, மூன்று நிமிடம். இது ராக் இல்லையா? டிரம்ஸும் மின்சாரமும்தான் இல்லை. எமர்சன் அவற்றைக் கொடுத்தார், அவ்வளவுதான். இடது கையின் வேலை பேஸுக்கும் டிரம்ஸுக்கும் போய்விட்டது, மெட்டு ஹாமண்ட் ஆர்கனுக்கு வந்துவிட்டது. நடுவில் கொஞ்ச நேரம் ஆர்கனை விட்டுவிட்டுப் பியானோவுக்கே மாறுகிறார். மூலத்தை மறந்துவிடாதே என்று சொல்வதுபோல. அப்புறம் மறுபடி உறுமல்.

இதை வீட்டில் செய்து பார்ப்பது சுலபம். ‘அலெக்ரோ பார்பரோ’ இணையத்தில் பல பியானோ கலைஞர்கள் வாசித்துக் கிடைக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். உடனே ‘தி பார்பேரியன்’ போடுங்கள். பிறகு மறுபடி பார்டோக். இரண்டாம் முறை பியானோ வாசிக்கும்போது, இல்லாத டிரம்ஸ் உங்கள் காதில் கேட்கும். ப்ராக் ராக்கைப் பற்றி நான் எழுதக்கூடிய எந்த விளக்கத்தையும்விட அந்தப் பத்து நிமிடம் மேல்.

ஹாமண்ட் ஆர்கனைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேவாலயங்களில் இருக்கும் குழல் ஆர்கனுக்கு மலிவான மாற்றாக 1930-களில் வந்த மின் வாத்தியம் அது. உள்ளே விளிம்பில் மேடு பள்ளம் கொண்ட உலோகச் சக்கரங்கள் காந்தச் சுருள்களுக்கு எதிரே சுழலும். ஒவ்வொரு சக்கரமும் ஒரு சுரம். தேவாலயத்துக்கு என்று செய்தது ஜாஸ் விடுதிக்குப் போய், அங்கிருந்து ராக் மேடைக்கு வந்தது. பெரிய பெட்டிக்குள் ஒலியைச் சுழற்றிவிடும் லெஸ்லி ஸ்பீக்கரோடு சேர்த்து, ஒலியைப் பிதுங்கும் அளவுக்கு ஏற்றினால் கிட்டார்போலக் கரகரக்கும். கிட்டார்க்காரர் இல்லாமலே இந்தக் குழு ராக் குழுவாக நிற்பதற்கு இந்த வாத்தியம்தான் காரணம்.

முதல் பக்கத்தின் மூன்றாவது பாட்டு ‘நைஃப் எட்ஜ்’. எனக்கு இந்த ஆல்பத்தில் மிகப் பிடித்தது இதுதான். செக் நாட்டு இசையமைப்பாளர் லியோஷ் யானாச்செக் 1926-இல் எழுதிய ‘சின்ஃபோனியெட்டா’வின் தொடக்கம் இதன் அடித்தளம். யானாச்செக் ஒரு பூங்காவில் ராணுவ பேண்டு வாசித்ததைக் கேட்டு அதில் மயங்கியவர். ட்ரம்பெட் முதலான பித்தளை ஊதுகருவிகளும் டிம்பனி என்ற பெரிய முரசுகளும் மட்டும் முழங்க, கொடியேற்றம்போல அந்தப் படைப்பைத் தொடங்குகிறார். வெயிலில் பளபளக்கும் ஒலி. அதே சுரங்களை எமர்சனும் லேக்கும் ஆர்கனுக்கும் பேஸுக்கும் இறக்கி, இருட்டில் யாரோ பின்னால் நடந்து வருவதுபோல ஆக்கிவிட்டார்கள். மேலே லேக் பாடுகிறார். சொற்கள் அவரும், குழுவுக்குச் சாமான் தூக்கும் ரோடி ஒருவரும் சேர்ந்து எழுதியவை. நடுவில் எமர்சன் திடீரென்று வேறொரு வீட்டுக்குள் நுழைகிறார்: ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் முதல் ‘பிரெஞ்சு சூட்’ என்ற நடன இசைத் தொகுப்பிலிருந்து அலமாண்ட் பகுதி, ஆர்கனில் சுத்தமாக ஓடுகிறது. 1926-இலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் போய்விட்டு 1970-க்குத் திரும்பி வருகிறோம், தையல் தெரியவில்லை. கடைசியில் டேப் ஓட்டம் மெதுவாகித் தொய்ந்து நிற்பதுபோல எல்லா ஒலியும் கீழே சரிந்து முடிகிறது. பழைய டேப் ரிக்கார்டரில் பேட்டரி தீர்ந்த அனுபவம் இருப்பவர்களுக்கு அந்த ஒலி உடனே பிடிபடும்.

‘பார்பேரிய’னில் இருப்பதும் இதுவும் ஒரே வகைக் கலப்பு இல்லை. அங்கே ஒரு படைப்பை எடுத்து, வேறு வாத்தியங்களில் அப்படியே ஏற்றி வாசித்தார்கள். இங்கே ஒரு துண்டை மட்டும் எடுத்துத் தங்கள் பாட்டுக்கு அஸ்திவாரமாகப் போட்டார்கள். வீடு அவர்களுடையது, கல் யானாச்செக்குடையது.

கல் யாருடையது என்ற கேள்வி அப்போதே வந்தது. முதலில் வெளியான தட்டுகளில் பார்டோக்கின் பெயரும் இல்லை, யானாச்செக்கின் பெயரும் இல்லை. பார்டோக் இறந்தது 1945-இல், யானாச்செக் 1928-இல். அப்போதைய பிரிட்டிஷ் சட்டப்படி இறந்து ஐம்பது ஆண்டு வரை உரிமை உண்டு. ஆக 1970-இல் இரண்டுமே இன்னொருவர் சொத்து. 1750-இல் இறந்த பாக்கைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட வேண்டியதில்லை. பிற்பாடு பெயர்கள் சேர்க்கப்பட்டன. ப்ராக் ராக்கைக் கொண்டாடும் பல கட்டுரைகள் இந்த விஷயத்தை ஒரு சுவையான துணுக்காகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு அது உறுத்துகிறது. ராக் பாட்டைத் திருடினால் வழக்கு, செவ்வியலைத் திருடினால் மேதைமை என்று ஆகிவிடக் கூடாதே. எமர்சன் பாடம் கற்றுக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். 1973-இல் அர்ஜென்டினா இசையமைப்பாளர் ஆல்பெர்ட்டோ ஜினாஸ்டெராவின் பியானோ கான்செர்ட்டோவில் ஒரு பகுதியை எடுத்தபோது, ஜினாஸ்டெரா வசித்த ஜெனீவாவுக்கே போய் அவருக்குப் போட்டுக் காட்டி அனுமதி வாங்கினார். பெரியவருக்கும் அது பிடித்துப்போயிற்று.

இந்த இரண்டு பாட்டுகளுக்கும் நடுவில், பன்னிரண்டரை நிமிடத்துக்கு நீள்கிறது ‘டேக் எ பெபிள்’. லேக் எழுதியது. ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கடலில் போடு, அலை பரவுவதைப் பார் என்கிற மாதிரியான பாட்டு. தொடக்கத்தில் வீணையோ யாழோ என்று தோன்றும் ஓர் ஒலி வரும். எமர்சன் பியானோவின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டு, கம்பிகளைக் கிட்டார் மீட்டும் வில்லையால் வருடுகிறார். போன பாட்டில் சுத்தியலால் அடித்த அதே வாத்தியம், இப்போது விரலுக்குக் கீழே. லேக்கின் குரல் இங்கே மிக அழகு. தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்த குரல்போலத் தெளிவாக, அலட்டாமல் இருக்கும். அப்புறம் பியானோ தனியே விலகிப்போய், ஓடிவிட்டுத் திரும்பும். நடுவில் எல்லாம் அடங்கி, ஒற்றைக் கிட்டார், கைதட்டல், நீர் சொட்டுவதுபோன்ற சத்தங்கள். பிறகு எமர்சன் ஜாஸ் பக்கம் போகிறார். கடைசியில் முதல் மெட்டு திரும்புகிறது.

இங்கே எந்தச் செவ்வியல் மெட்டும் கடன் வாங்கப்படவில்லை. கடன் வாங்கியது அமைப்பை. மூன்று நிமிடத்துக்கு மட்டும் பொருள் உள்ள ஒரு பாட்டை, அங்கம் அங்கமாகப் பிரித்து, நடுவில் ஊர் சுற்றவிட்டு, வீட்டுக்குக் கூட்டிவருகிறார்கள். ப்ராக் ராக் என்ற பெயரில் பிறகு வந்த நூற்றுக்கணக்கான நீளப் பாட்டுகளுக்கு இதுதான் வழி. ஊர் சுற்றும்போது கொஞ்சம் அலுப்பு தட்டுகிறதா என்று கேட்டால், ஆமாம், நடுவில் ஓரிடத்தில் எனக்குத் தட்டுகிறது. முதல்முறை கேட்பவர்கள் அந்த இடத்தில் தாண்டிவிடாமல் பொறுத்துக்கொண்டால், மெட்டு திரும்பி வரும்போது ஊர் எல்லையில் நம்ம தெருப் பெயர்ப்பலகையைப் பார்த்த நிம்மதி கிடைக்கும்.

இரண்டாம் பக்கம் ‘தி த்ரீ ஃபேட்ஸ்’. கிரேக்கப் புராணத்தில் விதியின் மூன்று தேவியர்: குளோத்தோ உயிரின் நூலை நூற்பவள், லாக்கெசிஸ் அளப்பவள், ஆட்ரோபோஸ் அறுப்பவள். மூன்று பகுதி. முதல் பகுதிக்கு எமர்சன் தன் ஹாமண்டை விட்டுவிட்டு, தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கும் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலின் பெரிய குழல் ஆர்கனை வாசித்தார். மின் ஆர்கனில் பழகிய காதுக்கு இந்த ஒலி வேறு மாதிரி. குழல்களில் காற்று போவதையும், அரங்கம் பெரியது என்பதையும் கேட்கிறோம். இரண்டாவது, தனிப் பியானோ. மூன்றாவதில் டிரம்ஸ் சேர்ந்து பியானோ ஒரு நடனம்போல வேகம் பிடிக்கிறது. அறுப்பவளின் வேலை எப்படி முடியும்? வெடிச் சத்தத்தோடு முடிகிறது. கொஞ்சம் சிறுபிள்ளைத்தனம்தான். ஆனால் இந்தக் குழு அந்த ஆகஸ்டில்தான் ஐல் ஆஃப் வைட் இசைத் திருவிழாவில், லட்சக்கணக்கான கூட்டத்துக்கு முன் தங்கள் இரண்டாவது கச்சேரியையே பீரங்கி வெடித்துக் கொண்டாடியிருந்தது. பி.பி.சி. வானொலியின் ஜான் பீல் அந்தக் கச்சேரியைத் திறமையையும் மின்சாரத்தையும் வீணடித்தது என்கிற பொருளில் சொன்னது இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. ஆடம்பரம், பகட்டு என்று ப்ராக் ராக் மீது விழுந்த வசவுகளின் தொடக்கம் கிட்டத்தட்ட அங்கேதான். 1976, 1977 வாக்கில் பங்க் இசைக்காரர்கள் வந்து மூன்று நிமிடத்துக்கே திரும்புவோம் என்று கோஷம் போட்டபோது, அவர்கள் மனத்தில் இருந்த எதிரிகளில் இந்த மூவரும் உண்டு. அது முழுக்க அநியாயம் என்று சொல்ல மாட்டேன். பீரங்கி வைத்தவர்கள்தானே.

‘த்ரீ ஃபேட்ஸ்’ மூன்றாவது வகைக் கலப்பு: செவ்வியல் வாத்தியத்தில், செவ்வியல் நடையில், புதிதாக எழுதுவது. எனக்கு இங்கேதான் கலப்பு கொஞ்சம் பிரிந்து நிற்பதாகத் தோன்றுகிறது. ஆர்கன் பகுதி அருமையாக இருக்கிறது, ஆனால் அதில் ராக் எங்கே? வெடியில்தான் என்றால் போதாது.

அடுத்த ‘டாங்க்’ பாமருக்கான இடம். நடுவில் டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் வருகிறது. சபாவில் தனி ஆரம்பித்ததும் காபி குடிக்க எழுந்துபோகிறவர்களுக்கு இங்கேயும் அதே சலுகை உண்டு. ஆனால் திரும்பி வர மறக்க வேண்டாம், ஏனென்றால் தனி முடிந்ததும் இதுவரை ஆல்பத்தில் கேட்காத ஒரு வாத்தியம் உள்ளே நுழைகிறது. மோக் சிந்தசைசர்.

அமெரிக்காவில் ராபர்ட் மோக் 1964-இல் செய்தது. பெயரை மூக் என்று பலரும் சொல்கிறார்கள். அவர் குடும்பத்தில் மோக் என்றுதான் சொல்வார்கள். நமக்கும் மூக்கை இழுக்காமல் இருப்பது நல்லது. டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச்போல அலமாரி அளவுக்குப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் குமிழ்கள், ஒன்றையொன்று இணைக்கும் வயர்கள். ஒரு பெட்டி மின் அலையை உண்டாக்கும், இன்னொன்று அதில் வேண்டாததை வடிகட்டும், மற்றொன்று அது எழுந்து அடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும். ஒரு நேரத்தில் ஒரே சுரம்தான் வரும். வயர்களை மாற்றிச் செருகினால்தான் வேறு ஒலி. சூடேறினால் சுருதி நகர்ந்துவிடும். 1968-இல் வெண்டி கார்லோஸ் பாக்கின் படைப்புகளை இதில் வாசித்து வெளியிட்ட ஆல்பத்தைக் கேட்டுத்தான் எமர்சனுக்கு இதன் மேல் ஆசை வந்தது. ஸ்டுடியோ ஆய்வுக்கூடத்துக்காகச் செய்த அந்த அலமாரியை அவர் பிற்பாடு மேடை மேடையாகத் தூக்கிக்கொண்டு சுற்றினார்.

கடைசிப் பாட்டு ‘லக்கி மேன்’. இது ஆல்பத்தில் சேர்ந்த கதை, மற்ற எல்லாவற்றையும்விட எளிமையானது. லண்டன் அட்விஷன் ஸ்டுடியோவில் பதிவு முடியும் நேரம். தட்டு நிரம்ப இன்னும் ஒரு பாட்டு தேவை. யாரிடமும் சரக்கு இல்லை. லேக் தான் பன்னிரண்டு வயதில், அம்மா கிட்டார் வாங்கிக் கொடுத்த புதிதில், தெரிந்த சில ஒலிக்கூட்டுகளை வைத்துக்கொண்டு எழுதிய ஒரு பாட்டைச் சொன்னார். வெள்ளைக் குதிரைகள், பெண்கள், பொன் எல்லாம் உள்ள ஒரு செல்வன். மன்னனுக்காகப் போருக்குப் போகிறான். குண்டு படுகிறது. பணம் காப்பாற்றவில்லை. நாட்டுப்புறக் கதைப்பாட்டு மாதிரி நேரான மெட்டு. லேக்கும் பாமரும் முதலில் அடிப்படையைப் பதிந்தார்கள். லேக் கிட்டார்களையும் குரல்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். எமர்சன் பிறகுதான் வந்து கேட்டார்.

அவருக்கு வாசிக்க முடிவில் கொஞ்சம் இடம் இருந்தது. புதிதாக வந்திருந்த மோக்கில் கை வைத்தார். கர்நாடக இசை கேட்பவர்களுக்கு ஜாரு தெரியும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிப் போவது. பியானோவிலும் ஆர்கனிலும் அது நடக்கவே நடக்காது, கட்டைக்குக் கட்டை தாண்டித்தான் ஆக வேண்டும். மோக்கில் ஒரு குமிழைத் திருப்பினால் அடுத்த கட்டையை அழுத்தியதும் ஒலி அங்கே வழுக்கிக்கொண்டு போகும். வாழ்நாள் முழுக்கப் பியானோ வாசித்தவருக்கு அது புது வசதி. கீழே ஆழத்தில் தொடங்கி, மேலே ஊளையிட்டு ஏறி, மறுபடி கீழே விழுகிறார். அவரைப் பொறுத்தவரை அது ஒத்திகை. கருவி எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளரும் லேக்தான், அவரும் ஒலிப்பதிவாளர் எடி ஆஃபோர்டும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதைப் பதிவு செய்துகொண்டார்கள். இதைவிட நன்றாக வாசிக்கிறேன், இன்னொரு முறை எடுக்கலாம் என்று எமர்சன் கேட்டார். அவர்கள் விடவில்லை.

ஆல்பம் இங்கிலாந்துப் பட்டியலில் 4-ஆம் இடத்துக்கும் அமெரிக்காவில் 18-க்கும் போனது. பார்டோக்கையும் யானாச்செக்கையும் பாக்கையும் படித்துப் பயின்று வந்த மனிதரின் வாசிப்பில் அமெரிக்க வானொலி அதிகம் ஒலிபரப்பியது, பன்னிரண்டு வயதுப் பையன் எழுதிய பாட்டுக்குப் பின்னால் அவர் ஒத்திகை பார்த்த அந்தக் கடைசி நிமிடத்தைத்தான். ஹெட்ஃபோன் மாட்டியிருந்தால், அந்த ஒலி ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு நகர்ந்துகொண்டே மெல்ல மெல்ல மங்குவது தெரியும். அவர் நிறுத்தியதாகக் கேட்காது. குமிழை அவர் இன்னும் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலியை இறக்கிவிட்டார்கள்.